கொடிக்கால் ஓரத்துக் கல்தொட்டி

"மாமியார் இல்லாத வீடு, பிக்கல் பிடுங்கல் கிடையாது" என்று சொல்லித்தான் என்னைச் சோழவந்தான் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். அவர்கள் சொன்னதில் பொய்யே இல்லை. மாமியார் இல்லை, மாமனார் இல்லை, நாத்தனார் இல்லை, பக்கத்து வீடும் இல்லை. ஊரை விட்டுத் தள்ளி, வயலுக்கு நடுவில் ஒற்றையாய் நின்ற தோட்டத்து வீடு அது. நானோ மதுரையில் மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், எங்கள் வீட்டில் மிளகாய் தாளித்தால் நாலாவது வீட்டில் தும்மல் கேட்கிற நெருக்கத்தில் வளர்ந்தவள். வந்த புதிதில், பேச ஆளில்லாமல் வாயே ஒட்டிக்கொண்டுவிடுமோ என்று பயந்தேன்.

வீட்டுக்காரர் விடிவதற்குள் கொடிக்காலுக்குப் போய்விடுவார். மத்தியானம் வந்து "சோறு" என்பார். சாப்பிட்டு முடித்து "ம்" என்பார். அன்றைய பேச்சுவார்த்தை அத்துடன் முடிந்தது. மற்ற நேரமெல்லாம் எனக்கு அவர் வளர்த்த நாய்தான் துணை. கோம்பை நாய் வம்சம் என்று அவர் பீற்றிக்கொள்வார். அப்பன் வழியில் இருக்கலாம். ஆத்தா வழியில் அது சோழவந்தான் தெருதான் என்பது அதன் வாலைப் பார்த்தாலே தெரியும். பேர்கூட வைக்கவில்லை. பேர் வைத்தால் நாய்க்குச் செல்லம் ஏறிவிடுமாம். நான் அரிசி புடைக்கும்போது எதிரே உட்கார்ந்து, நான் சொல்கிற ஊர்க்கதை அத்தனையையும் காதைத் தூக்கிக் கேட்கும். எங்கே நிறுத்தினாலும், "அப்புறம்?" என்கிற மாதிரி பார்க்கும். அந்த நாய் மட்டும் இல்லாவிட்டால், முதல் ஆடிக்குப் பிறந்த வீடு போன நான் திரும்பி வந்திருக்கவே மாட்டேன்.

அப்படிப்பட்ட நாய்க்குத்தான் ஒரு கோடையில் ஆபத்து வந்தது.

கொடிக்கால் என்றால் வெற்றிலைத் தோட்டம். அகத்தியை வரிசையாக வளர்த்து, அதில் கொடியை ஏற்றிக் கட்டி, நடுநடுவே வாய்க்கால் வெட்டி, எந்நேரமும் தண்ணீர் நிற்கும்படி வைத்திருப்பார்கள். உள்ளே போனால் வைகாசி வெயிலிலும் குளுகுளுவென்று இருக்குமாம். 'இருக்குமாம்' என்கிறேன், ஏனென்றால் எனக்கே உள்ளே போக ஆயிரம் கட்டுப்பாடு. செருப்போடு போகக்கூடாது, குளிக்காமல் போகக்கூடாது, பெண்பிள்ளைகள் இன்ன இன்ன நாளில் அந்தப் பக்கமே தலை காட்டக்கூடாது. மீறினால் கொடி சுருண்டுவிடும். வெற்றிலைக்கு இருக்கிற ரோஷம் அந்த ஊரில் வேறு யாருக்கும் இருந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் கொடிக்காலுக்குப் பங்காளிகள் மூன்று பேர். ஒருவர் எங்கள் வீட்டுக்காரர். இன்னொருவர் அவருடைய பெரியப்பா மகன். மூத்தவர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். மூன்றாமவர், மூத்தவர் சொல்வதற்குத் தலையாட்டுவதற்கென்றே பங்கு போட்டவர். ஒரு நாள் காலையில் நாய் ஒரு கீரியைத் துரத்திக்கொண்டு வேலியைத் தாண்டி உள்ளே ஓடி, இரண்டு கொடியை அறுத்துவிட்டு, வாய்க்காலில் படுத்துப் புரண்டு எழுந்து வந்துவிட்டது. பொழுது ஏறுவதற்குள் மூத்தவர் எங்கள் வாசலில் நின்றார்.

"இங்க பாருடா. கொடிக்காலுக்குள்ள நானே செருப்போட கால் வைக்க மாட்டேன். ஒன் நாயி நாலு காலையும் வச்சுட்டுப் போயிருக்கு. இந்த வருசம் வெத்தல சுருண்டுச்சுன்னா நீயா பதில் சொல்லுவ?"

"கீரியத் தொரத்திக்கிட்டுப் போயிருச்சுண்ணே" என்றார் இவர்.

அந்தக் கீரி மட்டும் குளித்து முழுகித் திருநீறு பூசிக்கொண்டா போயிற்று என்று கேட்க எனக்கு நாக்குத் துடித்தது. மூத்தவர் முன்னால் நான் பேசும் வழக்கமில்லை. கதவுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"கட்டிப் போடு" என்றார் மூத்தவர்.

"கட்டிப் போட்டா நாய்க்கு வீரம் போயிரும்ணே. ராத்திரி வெத்தலக் களவுக்கு வர்றவனுக்கு வழி காட்டிவிடவா அது?"

"அப்ப குடுத்துரு. நாகமலைப் பக்கம் மொயல் வேட்டைக்குப் போறவங்க நல்ல நாயா கேட்டுக்கிட்டே இருக்காங்க."

அந்த வேட்டைக்காரர்களிடம் போன நாய் எதுவும் கிழடு தட்டி நான் பார்த்ததில்லை. பன்றி கிழித்தோ, பாறையில் விழுந்தோ ஒரு வருஷத்தில் கதை முடிந்துவிடும். கதவிடுக்கு வழியாக இவரைப் பார்த்தேன். ஏதாவது சொல்லுங்களேன் என்று கண்ணால் கெஞ்சினேன். அவர் சொல்லத்தான் செய்தார். ஐயோ, சொல்லாமலே இருந்திருக்கலாம்.

அதற்கு முந்தின வாரம் வெற்றிலைக் கட்டோடு மதுரைக்குப் போனவர், தல்லாகுளம் மைதானத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை நாயோடு உலாவுவதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அன்றைக்கு "சோறு", "ம்" இரண்டுக்கும் மேலாக நாலு வாக்கியம் பேசினார் என்பதிலிருந்தே அந்தக் காட்சி அவரை எப்படிப் பிடித்து ஆட்டியது என்று தெரிந்துகொள்ளலாம்.

"தொரை வாயக் குவிச்சு ஒரே ஒரு சீட்டி அடிச்சாருண்ணே. மைதானத்துக் கடைசில இருந்து அவரு நாயி பறந்து வந்து கால்கிட்ட உக்காந்துச்சு. நம்ம நாயையும் அப்புடிப் பழக்கிர்றேன். கொடிக்கால் பக்கம் திரும்புனா ஒரு சீட்டி, திரும்பி வந்துரும்" என்றார் மூத்தவரிடம்.

மூத்தவர் வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு, "வர்ற அமாவாசைக்கு ஏர் கட்ட மாட்டோம், எல்லாரும் சும்மாதான் இருப்போம். கொடிக்கால் ஓரத்துல நாயக் கொண்டாந்து நிறுத்து. சீட்டி அடி. வந்துச்சுன்னா ஒன் நாயி ஒன்கிட்ட. உள்ள போச்சுன்னா அன்னைக்கே நாகமலைக்கு" என்றார். மூன்றாமவர் தலையாட்டினார்.

மறுநாளே பாடம் ஆரம்பமாயிற்று. முதலில் நாய்க்கு வயிறு முட்டச் சோறு போடச் சொன்னார். பசித்த வயிற்றில் படிப்பு ஏறாதாம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட மனிதர் சொன்னார், நானும் போட்டேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, களத்து மேட்டில் போய் நின்று, துரையைப் போலவே மார்பை நிமிர்த்தி, வாயைக் குவித்து, ஒரு சீழ்க்கை அடித்தார்.

நாய் உடனே எழுந்தது. அடேயப்பா, என்ன வேகம்! நேராக அவரைப் பார்த்து ஓடியது, அவரைத் தாண்டியது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற கல்தொட்டியில் போய் வாயை வைத்துச் சளக் சளக்கென்று குடித்தது.

"தாகம் போல" என்றார். குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து மறுபடி சீழ்க்கை அடித்தார். நாய் மறுபடி குடித்தது. இன்னும் ஓங்கி அடித்தார். குடிக்க முடியாமல் அவரைத் திரும்பிப் பார்த்து, பெரிய மனது பண்ணி இன்னும் நாலு வாய் குடித்தது. அதற்குள் எங்கள் வயலில் கூலிக்கு ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவர் கத்துகிறார்:

"அண்ணே! சீட்டிய நிப்பாட்டுங்கண்ணே! மாடு ரெண்டும் நட்டநடு உழவுல நின்னு மூத்திரம் பெய்யுது!"

மாடு வைத்திருக்கும் வீடுகளில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஏர் பூட்டுமுன் மாடு மூத்திரம் பெய்துவிட வேண்டும், சாயங்காலம் அவிழ்த்துவிட்டால் வயிறாரத் தண்ணீர் குடிக்க வேண்டும். இரண்டுக்கும் பக்கத்தில் நின்று ஒரு சீழ்க்கை அடிப்பார்கள். மெதுவாக, நீளமாக, கடைசியில் கொஞ்சம் இறங்கி வருகிற சீழ்க்கை. எங்கள் வீட்டுக்காரருக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த சீழ்க்கை அது ஒன்றுதான். துரையின் தோரணையெல்லாம் வந்துவிட்டது, வாயில் மட்டும் மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற சத்தம் வந்தது.

அன்று சாப்பிடும்போது, "மாட்டுக்கு இருக்கிற புத்தி இந்த நாய்க்கு இல்ல" என்று தீர்ப்பு சொன்னார்.

இரண்டு நாள் கழித்து, வீட்டுப் பக்கம் கவனம் சிதறுகிறது என்று பாடத்தை வெளியில் மாற்றினார். அறுவடை முடிந்து கிடந்த வயலில் நின்று சீழ்க்கை அடித்தால், நாய் நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் கண்காணாமல் ஓடிப்போகும். தேடிப் போனால் பாசன வாய்க்காலில் நின்று குடித்துக்கொண்டிருக்கும். ஆற்று மணலில் கூட்டிப்போய் அடித்தால் வைகையில் கால் நனைய நிற்கும். போகிற வருகிறவர்கள் எல்லாம் வைத்தியம் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவர் திருஷ்டி என்றார். கழுத்தில் கறுப்புக் கயிறு ஏறியது. இன்னொருவர் காது மந்தம் என்றார். நல்லெண்ணெயில் பூண்டு போட்டுக் காய்ச்சி இரண்டு காதிலும் ஊற்றினார்கள். ஒரு வாரத்துக்கு நாய் பக்கத்தில் வந்தாலே ரசம் வைத்த வீடு மாதிரி மணந்தது. காது மந்தமா என்று சோதிக்க, தூங்கிக்கொண்டிருந்த நாயின் பின்னால் பித்தளைத் தட்டைப் போட்டுப் பார்த்தார். நாய் துள்ளி எழுந்து பரண் மேல் ஏறிவிட்டது. "காது நல்லாத்தான் இருக்கு, கொழுப்பு" என்றார்.

எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது முதலில். ஆனால் வானத்தில் நிலா தேய்ந்துகொண்டே வந்தது. அரிசி புடைக்க உட்கார்ந்தால் கதை சொல்ல வாய் வரவில்லை. நாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. "ஏன்டா, ஒரு தடவை அவருகிட்ட வந்து தொலையேன்டா" என்று அழுதேன். ஆமாம், அழத்தான் செய்தேன். ஒரு நாய்க்காகவா என்று கேட்பவர்கள், அந்த வீட்டில் ஒரு மாசம் தனியாக இருந்துவிட்டு வந்து கேட்கட்டும்.

அன்று சாயங்காலம், ஏர் ஓட்டுகிறவர் மாடுகளை அவிழ்த்துக் கல்தொட்டிக்குக் கொண்டுவந்தார். தவிட்டுத் தண்ணீரை ஊற்றிவிட்டு, மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே அந்தச் சீழ்க்கையை அடித்தார். தாழ்வாரத்தில் என் காலடியில் கிடந்த நாய் எழுந்து போனது. இரண்டு மாட்டுத் தலைக்கும் நடுவில் தன் தலையை நுழைத்துக் குடித்தது. குட்டியிலிருந்தே அது மாட்டுத் தொழுவத்தில் வளர்ந்த நாய். தினமும் சாயங்காலம் அப்படித்தான் குடிக்கும். தினமும் நான் பார்த்த காட்சிதான். அன்றைக்குத்தான் என் மண்டையில் ஏறியது.

"நீங்க இப்ப சீட்டி அடிச்சீகளா?" என்று கேட்டேன்.

"நானா? இல்லையே தாயி" என்றார். அடித்துக்கொண்டேதான் சொன்னார் என்று நினைக்கிறேன். மூச்சு விடுகிற மாதிரி அவர்களுக்கு அது.

இவர் வந்ததும் வராததுமாகச் சொன்னேன். "ஏங்க, அதுக்குக் காதும் நல்லாருக்கு, புத்தியும் நல்லாருக்கு. அந்தச் சீட்டின்னா, தண்ணி குடிக்க வான்னுதான் அதுக்கு அர்த்தம். நீங்க கூப்புடுறீக, அது பக்கத்துல எங்க தண்ணி இருக்கோ அங்க போகுது."

"மதுரக்காரி, ஒனக்கு மாட்டப் பத்தி என்ன தெரியும், நாயப் பத்தி என்ன தெரியும்?"

"கொடிக்கால் ஓரத்துல நின்னு அடிச்சா பக்கத்துல தண்ணி எங்கங்க இருக்கு? உள்ள வாய்க்கால்லதான இருக்கு? நீங்களே வெத்தல பாக்கு வச்சு அத உள்ள அனுப்புறீக."

கை கழுவப் போனவர் ஒரு விநாடி நின்றார். சரி, புரிந்துவிட்டது என்று நினைத்தேன். "வேற மாதிரி கூப்பிட்டுப் பழக்குங்களேன், தட்டத் தட்டியாவது..." என்று இழுத்தேன்.

"தொரை சீட்டி அடிச்சாரு. நான் தட்டத் தட்டணுமா? ஊரு சிரிக்கவா?" என்று சொல்லிவிட்டு, "சோறு" என்றார்.

ஊர் சிரிக்காமல் வேறு என்ன செய்துகொண்டிருந்தது என்று அவருக்கு யார் சொல்வது?

அமாவாசையும் வந்தது. கொடிக்காலுக்குக் கொஞ்சம் தள்ளி, புங்க மரத்து நிழலில் பங்காளிகள் கூடினார்கள். மூத்தவர் தன் வில்வண்டியில் வந்து இறங்கி, மாடுகளை அவிழ்த்து அங்கேயே கட்டினார். கொடிக்காலுக்கு வெளியே நிற்பதில் தோஷம் ஒன்றும் இல்லை என்பதால், ஆண்பிள்ளைகளுக்கு நீர்மோர் கொண்டுபோகிற சாக்கில் நானும் போனேன். ஒரு கையில் மோர்ச்செம்பு. இடுப்பில் ஒரு மண்சட்டி, வாழையிலை போட்டு மூடியிருந்தது. அதில் என்ன என்று யாரும் கேட்கவில்லை. பொம்பளை இடுப்பில் சட்டி இருந்தால் யார் கேட்கிறார்கள்? மோரை மரத்தடியில் வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, இவருக்குப் பின்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். இலையை எடுத்தேன். மாட்டுத் தொட்டியிலிருந்து மொண்டு வந்த தவிட்டுத் தண்ணீர்.

ஏர் ஓட்டுகிறவர் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போய்க் கொடிக்கால் வேலி ஓரத்தில் விட்டார். வேலிக்கு உள்ளே வாய்க்காலில் தண்ணீர் வெயிலுக்குப் பளபளத்தது எனக்கே தெரிந்தது. நாய்க்குத் தெரியாதா?

"அடிறா" என்றார் மூத்தவர்.

இவர் நிமிர்ந்து நின்று வாயைக் குவித்தார். காற்று மட்டும் வந்தது. உதட்டை நக்கிக்கொண்டு மறுபடி குவித்தார். அப்போதுதான் பார்த்தேன், வேட்டி நுனியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். சீழ்க்கை வந்தது. நீளமாக, மெதுவாக, கடைசியில் இறங்கி.

நாய் காதைத் தூக்கியது. எங்களைப் பார்த்தது. வேலிப் பக்கம் திரும்பியது. ஒரு முன்னங்காலைத் தூக்கி வேலி இடுக்கில் வைத்தது. கும்பிட ஒரு சாமி பேர்கூட வாயில் வரவில்லை. சட்டிக்குள் கையை விட்டுச் சளப் சளப்பென்று அடித்தேன்.

நாயின் தலை சட்டென்று திரும்பியது. அவ்வளவுதான். புழுதியைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்து வந்து, மூன்றாமவரின் மோர்க் குவளையைத் தட்டிவிட்டு, எங்கள் வீட்டுக்காரரின் இரண்டு காலுக்கும் நடுவில் புகுந்து, என் சட்டியில் முகத்தைப் புதைத்தது. நான் குனிந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். யார் பார்த்தால் எனக்கென்ன?

மூத்தவர் எட்டிப் பார்த்தார். "வந்துருச்சுடா! ஆமா, வந்த நாயி எதுக்குடா தண்ணி குடிக்குது?"

"அம்புட்டுத் தூரம் ஓடியாந்த களைப்புண்ணே" என்றார் இவர், கூசாமல்.

அந்த நேரம் பார்த்து, மரத்தில் கட்டியிருந்த மூத்தவரின் வண்டி மாடுகள் இரண்டும் சீழ்க்கைக்கு மரியாதை கொடுத்து, ஜோராக மூத்திரம் பெய்தன. அவருடைய வெள்ளை வேட்டியில் பாதி போயிற்று. அவர் கோபிக்கவா செய்தார்? "என் மாட்டப் பாருடா, எவன் சொன்னாலும் கேக்கும்!" என்று பெருமையோடு வேட்டியை உதறினார். மூன்றாமவர் தலையாட்டினார். நாய் எங்களிடமே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்காரரைப் பிடிக்க முடியுமா? சந்தைக்குப் போனாலும் சாவுக்குப் போனாலும் நாய் பழக்கிய கதைதான். "நாயிக்கு முக்கியம் பயம், ஒரு சீட்டியில அதுக்கு ஈரக்குலை நடுங்கணும்" என்று ஆளாளுக்கு யோசனை சொல்வார். யார் ஈரக்குலை நடுங்கியது என்று பார்த்தவள் நான் ஒருத்திதான். சட்டியைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு "ம்" கூடவா கிடையாது? நாளைக்கே அவர் மறுபடி சீழ்க்கை அடித்தால், சட்டியோடு நான் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்க முடியுமா?

நாலு நாள் கழித்து, மத்தியானச் சோற்றுக்கு அவர் வரவில்லை. தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு போனேன். கொடிக்கால் வேலிக்கு வெளியே, நாய் நின்ற அதே இடத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், மண்ணை வெட்டிச் சின்னதாய் ஒரு கல்தொட்டியைப் பதித்துக்கொண்டிருந்தார். வைகைக் கரையிலிருந்து ஒற்றை ஆளாய் உருட்டி வந்திருக்கிறார். உடம்பெல்லாம் சேறு.

மூத்தவர் வேலிக்குள்ளிருந்து கேட்டார்: "இங்க எதுக்குடா தொட்டி?"

"மாட்டுக்குண்ணே."

அந்தப் பக்கம் எந்த மாடும் வராது. கொடிக்கால் ஓரத்தில் யார் மாட்டை விடுவார்கள்? மூத்தவர் ஏதோ முனகிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் சோற்றை வைத்துவிட்டு நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு பாசன வாய்க்காலுக்குப் போய், மொண்டு வந்து, தொட்டியில் ஊற்றினார். மறுபடி போனார். வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் பானை இருந்தாலும் "தண்ணி" என்று என்னைக் கூப்பிடுகிற மனுஷர். தொட்டி நிறைந்ததும் இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு பிடி தவிடு எடுத்துத் தூவி, கையை விட்டுக் கலக்கினார். சளப் சளப்பென்று சத்தம் வந்தது.

அப்புறம் வாயைக் குவித்துச் சீழ்க்கை அடித்தார். என் பின்னாலேயே வந்திருந்த நாய் அவரிடம் ஓடியது.